அப்பா நெஞ்சுல கட்டுன ஸ்ட்ராப்

போன வருஷம் மே மாசம், விடிகாலை நாலே முக்கால் இருக்கும், அப்பா மண்டிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி சட்டையக் கழட்டச் சொல்லி அவரு நெஞ்சுல ஒரு பட்டை கட்டுனேன். ஹார்ட் ரேட் ஸ்ட்ராப். கருப்பு எலாஸ்டிக், நடுவுல சின்னதா ஒரு பில்லை, தோலோட ஒட்டி இருந்தா இதயம் துடிக்கற ஒவ்வொரு துடிப்பையும் பிடிச்சு வாட்சுக்கு அனுப்பிடும். தண்ணி தொட்டு ஈரமாக்கித்தான் கட்டணும், இல்லன்னா சிக்னல் வராது. அப்பாவுக்கு ஒரே கூச்சம். "என்னா பாப்பா இது, ஈசிஜியா"ன்னாரு. இல்லப்பா, நீ இன்னிக்கு முழுக்க எப்பவும் போல வேலை செய்யி, சாயங்காலம் வந்து கழட்டிக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

எங்க ஊரு காவேரிப்பட்டணம் பக்கம். மாங்கா சீசன் வந்துட்டா கிருஷ்ணகிரி மாவட்டத்துல பாதி பேரு அதைச் சுத்தித்தான் ஓடுவோம். பெங்களூரான்னு நாங்க சொல்ற கிளிமூக்கு மாங்கா, செந்தூரா, அல்போன்சா, நீலம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும், பெங்களூரா பெரும்பாலும் மாங்கூழ் கம்பெனிக்குப் போயிடும். அந்த மாங்காய கிரேட்ல அள்ளி லாரில ஏத்தி இறக்கற ஆளு எங்கப்பா. சீசன் இல்லாத மாசத்துல புளி மூட்டை, உர மூட்டை, எது வந்தாலும். நான் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து இதே வேலைதான்.

நான் படிக்கறது எக்சர்சைஸ் ஃபிசியாலஜி, எம்.எஸ்சி. ரெண்டாவது வருஷம். தமிழ்ல சொல்லணும்னா உடம்பு வேலை செய்யறப்ப உள்ள என்னென்ன நடக்குது, எவ்வளவு தாங்கும், எதனால களைக்கும், பழகப் பழக எப்படி மாறும்னு பாக்கற படிப்பு. கூடவே பயோமெக்கானிக்ஸும் உண்டு, அதாவது எலும்பு மூட்டு தசை எல்லாம் எந்த விசையில எந்தக் கோணத்துல அசையுதுன்னு. ஊர்ல எல்லாரும் பாப்பா ஜிம் மாஸ்டருக்குப் படிக்குதுன்னுதான் நெனச்சுட்டு இருக்காங்க. ஜிம் மாஸ்டர் வேலை நல்ல வேலைதான், ஆனா இது அது இல்ல. நான் ஸ்கூல்ல 800 மீட்டர் ஓடிட்டு இருந்தேன், மாவட்ட அளவு வரைக்கும் போனேன், அதுக்கப்புறம் பிசியோதெரபி படிச்சேன். ஓடறப்ப கடைசி 200 மீட்டர்ல காலு ரெண்டும் இரும்பா ஆயிடும் இல்ல, அது ஏன்னு யாரைக் கேட்டாலும் "லாக்டிக் ஆசிட் சேந்துடுச்சு"ன்னு ஒரே பதில், அந்தப் பதில் எனக்கு ஆறவே இல்ல, அந்த ஆத்தாமைதான் என்னைய இங்க இழுத்துட்டு வந்துச்சு.

அந்த லாக்டிக் ஆசிட் விஷயத்த இப்பவே சொல்லிடறேன், ஏன்னா இன்னிக்கும் கிரவுண்டுல பசங்ககிட்ட அதையேதான் சொல்லிட்டு இருக்காங்க. ஓடுன மறுநாள் தொடை வலிக்குதுன்னா அது லாக்டேட் இல்ல, லாக்டிக் ஆசிட் உடம்புக்குள்ள இருக்கற வடிவத்துக்குத்தான் லாக்டேட்னு பேரு. ஓடி முடிச்சு ஒரு மணி நேரத்துல ரத்தத்துல லாக்டேட் கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துடும். மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் வலிக்கறது தசை நாருல வந்த நுண்ணிய சேதமும் அதுக்கு உடம்பு செய்யற சீரமைப்பும். தசை நீளறப்பவே இழுத்துப் பிடிக்க வேண்டி வருது பாருங்க, மலை இறங்கறப்ப, பாரத்த மெதுவா கீழ வைக்கறப்ப, அப்பதான் இந்தச் சேதம் அதிகம். வத்தல்மலை ஏறிட்டு நடந்து இறங்குனவங்களுக்குத் தெரியும், ஏறுன அன்னிக்கு மூச்சுதான் வாங்கும், இறங்குன மறுநாள்தான் படி எறங்க முடியாது. அதோட லாக்டேட் கழிவுப்பொருளும் இல்ல, இதயமும் மத்த தசையும் அதை எரிபொருளா எடுத்துக்கும், ஜார்ஜ் ப்ரூக்ஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1980கள்லயே இதை எடுத்துச் சொல்லிட்டாரு.

முதல் செமஸ்டர்ல லேப்ல எங்க மேலயே டெஸ்ட் பண்ணுவாங்க. மூக்கையும் வாயையும் மூடற மாஸ்க் போட்டு ட்ரெட்மில்ல ஓட விடுவாங்க, வேகமும் சாய்வும் ஏறிட்டே போகும், நாம இழுக்கற காத்துல ஆக்சிஜன் எவ்வளவு, விடற காத்துல எவ்வளவுன்னு மிஷின் கணக்கு போட்டுட்டே இருக்கும். வெளிக்காத்துல ஆக்சிஜன் 20.93 சதவீதம், நாம விடறதுல அதைவிடக் குறைச்சல், அந்த வித்தியாசம்தான் உடம்பு எடுத்துக்கிட்டது. ஒரு கட்டத்துக்கு மேல வேகத்த ஏத்துனாலும் ஆக்சிஜன் ஏறாது, அதுதான் வீஓ2 மேக்ஸ். ஏ.வி. ஹில்னு ஒரு இங்கிலாந்துக்காரரு, தசை வேலை செய்யறப்ப வர்ற சூட்ட அளந்ததுக்காக 1922க்கான நோபல் பரிசு வாங்குனவரு, அவரே முதுகுல பைய மாட்டிக்கிட்டு புல்தரைல ஓடி தன்னோட மூச்சையே பிடிச்சு அளந்திருக்காரு. 100 வருஷம் ஆச்சு. அந்தப் பைக்கு டக்ளஸ் பேக்னு பேரு, 1911ல டக்ளஸ்ங்கறவரு செஞ்சது. எங்க லேப் பீரோல கூட ஒண்ணு மடிச்சு வெச்சிருக்காங்க, நான் எடுத்து ஒரு தடவ முதுகுல மாட்டிப் பாத்தேன்.

அந்த டெஸ்டுக்கு முன்னாடி ஒரு படிவத்துல கையெழுத்து வாங்குவாங்க. "எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், நான் சோதனையை நிறுத்திக்கொள்ளலாம்"னு அதுல ஒரு வரி. ஓடிட்டே இருக்கறப்ப முடியலன்னா கையத் தூக்குனா போதும், பெல்ட் நின்னுடும், ஒருத்தர் வந்து பிடிச்சுக்குவாங்க, ஃபேன் போடுவாங்க, தண்ணி குடுப்பாங்க, பத்து நிமிஷம் கூடவே இருந்து பாப்பாங்க. அன்னிக்கு ஹாஸ்டலுக்கு வந்து படுத்தப்ப எனக்கு அப்பா ஞாபகம்தான். அவரு கையத் தூக்குனா எது நிக்கும்?

சாயங்காலம் அப்பா வந்தாரு. ஸ்ட்ராப்ப கழட்டி வாட்சப் பாத்தேன். காலைல எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நானே மணிக்கட்டப் பிடிச்சு எண்ணுனது நிமிஷத்துக்கு 64 துடிப்பு. வேலை நேரம் முழுக்க சராசரி 118. லோடு ஏத்தறப்ப 130க்கு மேல, ரெண்டு மூணு இடத்துல 146 வரைக்கும். சோத்துக்கு உக்காந்த அரை மணி நேரத்துல கூட 90க்குக் கீழ இறங்கவே இல்ல.

இந்த நம்பர வெச்சு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அப்பாவுக்கு 52 வயசு. அதிகபட்சத் துடிப்புக்கு 220ல இருந்து வயச கழிக்கணும்னு எல்லா ஜிம் சுவத்துலயும் எழுதி வெச்சிருப்பாங்க, அதைவிட 208ல இருந்து வயசோட 0.7 மடங்கக் கழிக்கற கணக்கு வயசானவங்களுக்குக் கொஞ்சம் நெருக்கமா வரும், 2001ல வந்தது. அது படி அப்பாவுக்கு 172. ஓய்வுல 64, உச்சத்துல 172, நடுவுல இருக்கறது 108 துடிப்பு, அதுதான் அவரு கையிருப்பு. 118ங்கறது அந்தக் கையிருப்புல சரி பாதி. எட்டு மணி நேர வேலைக்கு உடம்போட உச்சத் திறன்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம பாத்துக்கணும்னு வேலை உடலியல்ல ஒரு வரம்பு ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க. அந்த வரம்புல பாத்தா அப்பாவோட சராசரி 100 கிட்ட இருந்திருக்கணும். இவரு ஒம்பது மணி நேரம் பாதில நின்னிருக்காரு. மறுநாளும் போனாரு. அதுக்கு மறுநாளும்.

எங்க கைடு மேடம் இதைப் பாத்துட்டு உடனே ஒரு விஷயம் சொன்னாங்க, அது சரியான விஷயம். மே மாச வெயில்ல துடிப்பு ஏறறதுக்கு வேலை மட்டும் காரணம் இல்ல. சூட்ட வெளியேத்த ரத்தம் தோலுக்குப் போகணும், வேர்வைல தண்ணி போயிடறதால ரத்தத்தோட அளவும் குறையுது, அதே வேலைக்கு இதயம் கூடுதலாத் துடிக்க வேண்டி இருக்கு. ஒரு லிட்டர் வேர்வை தோல்ல இருந்து ஆவியானா 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துட்டுப் போகும், ஆனா ஆவியாகணும், லாரிக்குள்ள தார்ப்பாய்க்கு அடியில காத்தே இல்லாத இடத்துல அது சொட்டிட்டுத்தான் போகும், சூடு போகாது. அதனால 118 அப்படியே ஆக்சிஜன் கணக்கா மாத்தக்கூடாது, மாஸ்க் போட்டு அளக்கணும்னாங்க. சரி. ஆனா இதயத்துக்கு அது வெயிலால வந்த துடிப்பா மூட்டையால வந்த துடிப்பான்னு பேதம் கிடையாது, அதுதான துடிக்கணும்.

இதுல எனக்கு ரொம்ப நாளா உறுத்திட்டு இருந்த கேள்வி வேற. சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தது, "உழைக்கற உடம்புடா, அவனுக்கு என்ன நோய் வரும்". ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு பிபி 160/100ன்னு வந்தப்ப டாக்டரு "டெய்லி வாக்கிங் போங்க"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பொழுதுக்கும் நடக்கறவர நடக்கச் சொல்றாங்க. அப்ப எது தப்பு, டாக்டர் சொன்னதா இல்ல இத்தனை நாள் நாங்க நம்புனதா?

1953ல லண்டன்ல ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர் பஸ் ஊழியர்கள வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாரு, எங்க படிப்புல எல்லாரும் முதல் வாரமே படிக்கறது. டபுள் டெக்கர் பஸ்ல டிரைவர் நாள் முழுக்க உக்காந்தே இருப்பாரு, கண்டக்டரு மாடிப்படி ஏறி இறங்கிட்டே இருப்பாரு, கண்டக்டருங்களுக்கு மாரடைப்பு குறைவா இருந்துச்சு. உடம்ப அசைச்சா இதயத்துக்கு நல்லதுங்கறதுக்கு அங்கேர்ந்துதான் பெரிய ஆதாரம் ஆரம்பிக்குது. நான் கிருஷ்ணகிரி ஓசூர் பஸ்ல போறப்பல்லாம் அதைத்தான் நெனச்சுப்பேன், நம்ம கண்டக்டருக்கு மாடி இல்ல, கூட்டத்துக்குள்ள நசுங்கி நின்னுட்டே வர்றாரு, அது ஏறி இறங்கறது மாதிரி ஆகுமா?

ஆகாதுன்னுதான் இப்ப தெரிய வருது. டென்மார்க்ல ஹோல்டர்மன்ங்கறவரும் அவரு கூட இருக்கறவங்களும் கொஞ்ச வருஷமா இதைத்தான் எழுதிட்டு வர்றாங்க. ஓய்வு நேரத்துல செய்யற உடற்பயிற்சி இதயத்த காப்பாத்துது, அதே உடல் உழைப்பு வேலையா இருந்தா அந்தப் பலன் கெடைக்கறது இல்ல, சில ஆய்வுல கெடுதலாவே வருது. எதனாலன்னு அவங்க சொல்ற காரணத்த படிச்சப்ப ஒவ்வொண்ணுக்கும் அப்பா முகம்தான் வந்துச்சு. பயிற்சின்னா இருபது முப்பது நிமிஷம் நல்லா ஏறி அப்புறம் முழுசா இறங்கும், இதயம் அந்த இறங்கற நேரத்துலதான் வலுவாகும், வேலைல மணிக்கணக்கா நடுவாந்திரத்துலயே நிக்கும், வலுவாகற அளவுக்கு ஏறவும் ஏறாது ஆறற அளவுக்கு இறங்கவும் இறங்காது. பாரம் தூக்கறப்ப தம் கட்டுவாங்க, தசை இறுகி ரத்தக்குழாய நசுக்கும், பிபி அந்த நொடியில எங்கயோ போயிடும், அது ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல நடக்குது. ராத்திரி தூங்கறப்பவும் துடிப்பு கீழ வர்றதுக்கு நேரம் ஆவுது. அப்புறம் முக்கியமா, நிறுத்தறது அவங்க கைல இல்ல. படிவத்துல இருந்த அந்த வரி.

இதையெல்லாம் எதிர்க்கற விஞ்ஞானிகளும் இருக்காங்க, கஷ்ட வேலை செய்யறவங்க ஏழைங்களா இருப்பாங்க, பீடி சிகரெட் கூட இருக்கும், சாப்பாடு குறைச்சலா இருக்கும், வேலை மேல மட்டும் பழி போட முடியாதுன்னு சொல்றாங்க. நியாயமான கேள்விதான். அதுக்குத்தான் அளக்கணும்னு நான் சொல்றேன், ஐரோப்பாவுல மட்டும் இல்லாம இங்க. எங்க பாடப் புஸ்தகத்துல சராசரி மனுசன்னா 70 கிலோ. எங்கப்பா 58. அதே கிரேட்டு, அதே மூட்டை, சுமக்கற உடம்பு மட்டும் சின்னது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967லயே ஆம்பளைங்களுக்கு 55 கிலோவுக்கு மேல சுமக்க விடக்கூடாதுன்னு பரிந்துரைச்சாங்க, அது எங்கப்பாவோட எடைல இருந்து மூணே கிலோதான் கம்மி.

அளக்கறதுல இன்னொரு சிக்கல் இருக்கு, அது எனக்கு இந்தப் படிப்புலயே பிடிச்ச சிக்கல். போர்க் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, கன்னர் போர்க்ங்கற ஸ்வீடன்காரரு செஞ்சது, 6ல இருந்து 20 வரைக்கும் நம்பர், உனக்கு இந்த வேலை எவ்வளவு கஷ்டமா இருக்கு சொல்லுன்னு கேக்கணும். ஆரோக்கியமான சின்ன வயசு ஆளுங்களுக்கு அந்த நம்பர பத்தால பெருக்குனா கிட்டத்தட்ட துடிப்பு வந்துடும், அதுக்காகத்தான் 6ல ஆரம்பிக்குது. நான் அதைத் தமிழாக்கி மண்டிக்கு எடுத்துட்டுப் போய் அப்பாகிட்டயும் கூட இருக்கற மாமாங்ககிட்டயும் கேட்டேன். துடிப்பு 130ல இருக்கற அப்பா "லேசுதான்"னு 9ஐக் காட்டறாரு. பக்கத்துல இருந்த மாமா "அது என்னா பாப்பா, கஷ்டம்னு சொன்னா நாளைக்குக் கூப்பிடுவாங்களா"ன்னாரு. எனக்கு பதிலே வரல.

நம்பரத் தூர வெச்சுட்டு சும்மா பேச விட்டேன். அப்பதான் கொட்டுச்சு. மூச்சு வாங்குதுங்கறது வேற, தம்மு கட்டுதுங்கறது வேற. நெஞ்சு படபடங்குது. காலு சோருது. கை மரத்துப் போவுது. இடுப்பு கழண்டுக்குது. மத்தியானத்துக்கு மேல அசதி, ராத்திரி வந்தா அலுப்பு, சீசன் முடியறப்ப ஓய்ஞ்சு போயிடறோம். ஒவ்வொண்ணையும் எங்க பாடத்துல ஒவ்வொரு தலைப்புல படிக்கறோம், மூச்சு வாங்கறதுக்கு ஒரு பாடம், காலு சோர்றதுக்கு தசைக் களைப்புன்னு ஒரு பாடம், ஓய்ஞ்சு போறதுக்கு நாள்பட்ட களைப்புன்னு ஒரு பாடம். இவங்க ஒவ்வொண்ணையும் ஒரே வார்த்தைல பிரிச்சு வெச்சிருக்காங்க. "மிகவும் கடினம்"னு நான் மொழிபெயர்த்துட்டுப் போனது யாரோட வாயிலயும் இல்லாத தமிழ். அந்த வார்த்தைங்கள வெச்சே ஒரு ஸ்கேல் செஞ்சு துடிப்போட பொருத்திப் பாக்கணுங்கறதுதான் இப்ப என் தீசிஸ். முதல்ல நான் எழுதிக் குடுத்த தலைப்பு ஒரு தடவ திரும்பி வந்துச்சு, விளையாட்டு வீரர்கள வெச்சு பண்ணுன்னு சொன்னாங்க, கிளப்ல ஆள் ஈசியா கெடைப்பாங்கன்னாங்க. நான் விடல, மேடமும் கூட நின்னாங்க, எத்திக்ஸ் கமிட்டி வரைக்கும் போய் பாஸாகி வந்துடுச்சு.

இந்தப் படிப்புக்கு வரணும்னு நெனைக்கறவங்க சில பேரு கேக்கறதால இதையும் சொல்லிடறேன். எங்க பேட்ச்ல பிசியோதெரபி முடிச்சவங்க, உடற்கல்வி முடிச்சவங்க, ஃபிசியாலஜி படிச்சவங்கன்னு எல்லாரும் கலந்து இருக்கோம். விளையாட்டுக்குன்னே சென்னை மேலக்கோட்டையூர்ல தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கு, வடக்க குவாலியர்ல லட்சுமிபாய் நிறுவனம் 1957லேர்ந்து இருக்கு, பாட்டியாலாவுல 1961லேர்ந்து விளையாட்டு நிறுவனம் இருக்கு. எந்தக் காலேஜா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி லேப்பப் போய்ப் பாருங்க, மிஷின் இருக்கான்னு பாக்காதீங்க, மிஷின் ஓடுதான்னு பாருங்க. புள்ளியியல் வரும், கண்டிப்பா வரும், அதுக்குப் பயப்படாம பத்தாவது கணக்கத் திரும்ப ஒரு தடவ புரட்டிட்டு வாங்க. அவ்வளவுதான்.

அம்மா கதைய சொல்லாம முடிக்க முடியாது. அப்பாவுக்குக் கட்டுன மறுவாரம் ஸ்ட்ராப் சும்மாதான கெடக்குன்னு அம்மாவுக்குக் கட்டுனேன். அம்மா வேலைக்குப் போற தோப்பு வீட்டுலேர்ந்து ஒன்றரை கிலோமீட்டர், லேசா ஏத்தம். கைல தூக்குச்சட்டி மட்டும்தான். நானும் கூடவே அதே வேகத்துல நடந்தேன், எனக்கு 104, அம்மாவுக்கு 148. மூட்டை தூக்கற அப்பாவோட உச்சம் 146, இவங்களுக்கு வெறும் நடைக்கே அதைவிட மேல. அம்மா பேசிட்டேதான் வந்தாங்க, நடுவுல நடுவுல நின்னு முந்தானையச் சரி பண்றா மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டாங்க. அந்த நிக்கற பழக்கத்த நான் சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன். அது மூச்சுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பாத்தோம். ஹீமோகுளோபின் 9, அதாவது 100 மில்லி ரத்தத்துல 9 கிராம். கர்ப்பமா இல்லாத பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ போனா ரத்தசோகை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜன் சுமக்கும். 12 இருந்தா 100 மில்லி ரத்தத்துல 16 மில்லி ஆக்சிஜன், 9 இருந்தா 12 மில்லி. நாலுல ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. தோப்புக்கு நடக்கறதுக்கு வேணுங்கற ஆக்சிஜன் மாறாது, ரத்தம் சுமக்கறது குறைஞ்சா இதயம்தான் கூடுதலா ஓடி ஈடு கட்டணும். இதை நான் செமஸ்டர்ல பத்து மார்க் கேள்வியா எழுதியிருக்கேன். எழுதறப்ப அம்மா ஞாபகம் வரல, அதை நெனச்சாத்தான் இப்பவும் மனசு கேக்க மாட்டேங்குது.

டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க. களி தின்னு முடிச்ச கையோட டீ குடிக்கற பழக்கத்த விடச் சொன்னாங்க, டீ இரும்ப உடம்புல சேர விடாது. நெல்லிக்கா இல்லன்னா எலுமிச்சம்பழம் சோத்தோட சேத்துக்கச் சொன்னாங்க, அந்தப் புளிப்புல இருக்கற வைட்டமின் சி இரும்ப உள்ள இழுக்கும். அதியமான் ஆண்ட தகடூர்ப் பக்கத்துக்காரங்களுக்கு நெல்லிக்கனியப் பத்தி யாரும் சொல்லித் தரவே வேண்டாம், ஆனா எங்க வீட்டுல ஊறுகாயாத் தவிர அது வந்ததே இல்ல. மாத்திரை முதல் பத்து நாள் வயித்த கலக்குதுன்னு நிறுத்திட்டாங்க, நான் ஹாஸ்டல்லேர்ந்து தெனமும் போன் போட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லி டாக்டரம்மாகிட்ட கேட்டுச் சொல்லி, ஒரு வழியா பழகிட்டாங்க.

செப்டம்பர்ல லீவுக்கு வந்தப்ப அதே வழி, அதே தூக்குச்சட்டி, அதே நேரம் கெளம்புனோம். ஹீமோகுளோபின் 11.4 ஆகியிருந்துச்சு. வெயில் மே மாசம் அளவுக்கு இல்ல, அதையும் நோட்டுல குறிச்சு வெச்சிருக்கேன். தோப்பு கேட்டு வரைக்கும் நான் வாட்சப் பாக்கல. அம்மா நடுவுல எங்கயும் நிக்கல, முந்தானையச் சரி பண்ணல, பக்கத்து வீட்டு கல்யாணக் கதையச் சொல்லிக்கிட்டே வந்தாங்க. கேட்டுகிட்ட வந்து பாத்தேன், 127.

"என்னாச்சு, எவ்ளோ காட்டுது"ன்னாங்க. சொன்னேன். "அப்பாவுக்கு எவ்ளோ"ன்னாங்க. அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் தூக்குச்சட்டிய என் கையில குடுத்துட்டு, "அவருக்கும் ஒரு தடவ ரத்தம் பாத்துட்டு வந்துடு, நீ கூப்பிட்டாத்தான் வருவாரு"ன்னு சொல்லிட்டு கேட்டத் தொறந்து உள்ள போயிட்டாங்க.